எட்டில் ஆறு

சார்லி வாட்ஸ் நேசித்தது ஜாஸ். 58 வருடங்கள் வாசித்தது ராக். எளிய இசை என்றால் மட்டமான இசையா என்ற பழைய வழக்கில் அவர் வாழ்க்கையே முக்கிய சாட்சி.

2003 ஏப்ரல் 4. பெங்களூர் அரண்மனை மைதானம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு முதல் முறையாக ஓர் இந்திய மேடையில் ஏறியது. முன்னால் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும். கூட்டத்தின் கண்கள் அவர்கள்மீதுதான். அவர்களுக்குப் பின்னால், நரைத்த தலையுடன் 61 வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ அலுவலகக் கணக்கை முடிக்க வந்தவர் போன்ற முகம். அவர் முன் இருந்தவை நான்கே டிரம்கள், சில சிம்பல்கள். இந்தியக் கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகளில்கூட இதைவிடப் பெரிய டிரம் செட்டைப் பார்க்கலாம்.

அவர் சார்லி வாட்ஸ். 1963 ஜனவரியில் குழுவில் சேர்ந்தார். 2021 ஆகஸ்ட் 24-ம் தேதி லண்டனில் தன் 80-வது வயதில் இறக்கும்வரை அந்த இருக்கை அவருடையதாகவே இருந்தது. இந்த 58 வருடங்களில் அவர் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நான்கு எண்ணிக்கைத் தாளத்தைப் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தார். விசித்திரம் என்னவென்றால், அவரது மனம் அந்த இசையில் பிறந்ததல்ல. அவருடைய ஆதர்சங்கள் எல்லாம் ஜாஸ் உலகில் இருந்தன. ராக் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடியபோதெல்லாம் அவர் ஜாஸ் டிரம்மர்களின் பெயர்களைச் சொல்லிப் பேச்சைத் திருப்பிவிடுவார்.

தான் உயர்ந்ததாகக் கருதிய இசையை விட்டுவிட்டு, எளியது என்று உலகம் சொல்லும் இசையில் ஒரு மனிதர் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார். அது நஷ்டக் கணக்கா? அல்லது அந்த 'எளியது' என்ற சொல்லில்தான் ஏதாவது பிழை இருக்கிறதா?

லண்டனில் பிறந்து வெம்ப்ளியில் வளர்ந்தவர் வாட்ஸ். அப்பா ரயில்வேயில் லாரி ஓட்டுநர். 14 வயதில் பையனுக்கு ஒரு பாஞ்சோ கிடைத்தது. விரல் வைத்து வாசிக்க வரவில்லை. கழுத்துப் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, மிஞ்சிய வட்டத்தை ஸ்நேர் டிரம்மாக மாற்றிக்கொண்டான். ஜெர்ரி மல்லிகனின் இசைத்தட்டில் சிகோ ஹாமில்டன் பிரஷ்ஷால் வாசித்ததைக் கேட்டு, அதே போல வாசிக்கப் பழகினான். குரு யாரும் இல்லை. இசைத்தட்டுகள்தான் குரு.

ஹாரோ ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாட்களில் அவர் வரைந்த ஒரு சித்திரக் கதை பின்னர் புத்தகமாகவும் வந்தது. ஜாஸ் மேதை சார்லி பார்க்கரை ஒரு பறவையாக உருவகித்த சிறு வாழ்க்கை வரலாறு அது. ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தபோது அவர் ஏற்கனவே அலெக்சிஸ் கார்னரின் ப்ளூஸ் குழுவில் வாசித்தவர். ராக் அவருக்குப் பிறந்த வீடு அல்ல, புகுந்த வீடு.

புகுந்த வீட்டுக்குச் சமூகத்தில் அத்தனை மரியாதை இல்லை. அன்றும் இல்லை, இன்றும் அரைகுறைதான். வாத்தியம் பழகும் இளைஞர்களிடையே எழுதப்படாத வருண அடுக்கு ஒன்று உண்டு. ஏழு எண்ணிக்கையிலும் பதினொன்றிலும் வாசிப்பவர்கள் மேலே. கிடாரில் நொடிக்குப் பத்து ஸ்வரம் உதிர்ப்பவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில். மூன்றே கார்ட் வைத்துப் பாட்டை முடிப்பவர்கள் அடியில். 'மூணு கார்ட் பாட்டு' என்பது வசையாகவே புழங்குகிறது. இந்த அடுக்குக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சிக்கலை எண்ண முடியும். எண்ண முடிந்ததற்கு மதிப்பெண் போட முடியும். போட்டி நடுவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. மிருதங்கத்தில் கணக்கு ஒரு பக்கம், சர்வலகு மறுபக்கம். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை சரியான இடத்தில் வந்து விழுந்தால் சபை கைதட்டும். ஆனால் பாடுபவருக்குப் பாட்டை நடத்திக் கொடுப்பது சர்வலகுதான். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டலாம். சர்வலகு சொற்களையும் எழுதலாம், ஆனால் எழுதினால் அதில் ஒன்றும் இருக்காது. அது வாசிக்கிறவரின் கையில் இருக்கிறது.

வாட்ஸின் கையில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க ஒரு மேஜை போதும். ராக் இசையின் அடிப்படைத் தாளம் யாருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபடும். நான்கு எண்ணிக்கை. ஒன்றிலும் மூன்றிலும் காலால் உதைத்து ஒலிக்கும் பாஸ் டிரம். இரண்டிலும் நான்கிலும் இடது கை ஸ்நேரில். இவற்றுக்கு மேலே வலது கை ஹை-ஹாட்டில், அதாவது மிதியால் திறந்து மூடும் ஜோடி சிம்பலில், சுற்றுக்கு எட்டு தட்டு. உலகெங்கும் டிரம் வகுப்பில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் இது.

வாட்ஸ் எட்டில் ஆறுதான் தட்டுவார். ஸ்நேர் விழும் இரண்டு இடங்களிலும் வலது கை ஹை-ஹாட்டைத் தொடாமல் மேலே எழும்பிவிடும். அவர் வாசிக்கும் படங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் ஸ்நேரின் குரலோடு போட்டி போட அந்தக் கணத்தில் வேறு எதுவும் இல்லை. கை மேலே போய்க் கீழே வரும் நேரத்தில் தாளம் ஒரு முறை மூச்சு வாங்குகிறது. தாளில் எழுதினால் மற்றவர்கள் வாசிப்பதைவிட அவர் வாசிப்பது இரண்டு தட்டு குறைவு. எண்ணிப் பார்க்கும் நடுவர் இரண்டு மதிப்பெண்ணைக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் குழுவின் உள் ஏற்பாடு. வழக்கமாக ராக் குழுக்களில் எல்லோரும் டிரம்மரைப் பின்பற்றுவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸில் டிரம்மர் கீத் ரிச்சர்ட்ஸின் கிடாரைப் பின்பற்றினார் என்று அந்தக் குழுவில் முப்பது வருடங்கள் பாஸ் கிடார் வாசித்த பில் வைமன் விளக்கியிருக்கிறார். கிடார் முதலில், டிரம் ஒரு நூலிழை தாமதமாக. ரிச்சர்ட்ஸும் 1960-களின் இறுதியிலிருந்து பல பாடல்களுக்குத் தன் கிடாரின் தடித்த கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தே கம்பிகளோடு வாசித்தவர். ஒருவர் ஒரு கம்பியைக் குறைத்தார், மற்றவர் இரண்டு தட்டைக் குறைத்தார். மிச்சமிருந்ததில் உலகம் ஆடியது.

1969-ல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாடல் இதற்கு நல்ல உதாரணம். முதலில் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் தட்டும் மாட்டு மணி. அதற்குள் வாட்ஸின் டிரம் வந்து சேர்கிறது. பிறகுதான் கிடார். கேட்கக் கேட்க ஒன்று தெரியும்: பாட்டு ஆரம்பித்த வேகம் ஒன்று, முடியும் வேகம் வேறு. காலப்பிரமாணம் படிப்படியாக ஏறியிருக்கிறது. இலக்கணப்படி குற்றம். ஆனால் அந்த ஏற்றம்தான் பாட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது.

1980-களில் டிரம் மெஷின்கள் ஸ்டுடியோக்களில் பரவின. எட்டுத் தட்டும் எட்டு மணிக்கணக்காக, மயிரிழை பிசகாமல் வாசிக்க அவற்றால் முடியும். எளிய தாளம் உண்மையிலேயே எளிது என்றால் அன்றே வாட்ஸ் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மெஷின் வேறொரு இசையை உண்டாக்கியது, அதில் அருமையானவையும் உண்டு. ஆனால் வாட்ஸின் வேலையை அதனால் செய்ய முடியவில்லை.

எளிமையின் கஷ்டத்தை வாட்ஸே ஒரு முறை நேரடியாக அனுபவித்திருக்கிறார். 'லெட் இட் ப்ளீட்' ஆல்பத்தில் வந்த 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாடலின் ஒலிப்பதிவு. லண்டன் பாக் கொயர் சேர்ந்து பாடிய பாட்டு. அதில் டிரம் வாசித்தவர் வாட்ஸ் அல்ல. தாளம் சிக்கலானதும் அல்ல. ஆனால் ஜிம்மி மில்லர் மனதில் வைத்திருந்த அந்த ஆட்டம் வாட்ஸின் கையில் அன்று உட்காரவில்லை. மில்லரே இருக்கையில் உட்கார்ந்து வாசித்துவிட்டார். ஜாஸில் ஊறியவர், குழுவின் டிரம்மர், ஒரு நாலு எண்ணிக்கைப் பாட்டுக்காக எழுந்து இடம் கொடுத்தார். தட்டுகளின் எண்ணிக்கைதான் கஷ்டத்தின் அளவு என்றால் இந்தச் சம்பவத்துக்கு விளக்கமே கிடையாது. பிறகு பல வருடங்கள் மேடைகளில் அந்தப் பாட்டை வாசித்தவர் வாட்ஸ்தான்.

எதிர் முனையிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. கனடாவின் ரஷ் குழுவைச் சேர்ந்த நீல் பியர்ட் (1952-2020). சிக்கலான ராக் இசைக்கு டிரம்மர்களிடையே அவரைப் போல ஒரு கதாநாயகன் இல்லை. நாலாபுறமும் தன்னைச் சூழ்ந்த டிரம் செட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, தாளக் கணக்குகளை மாற்றி மாற்றி வாசிப்பவர். 1981-ல் வந்த அவர்களுடைய ஒரு வாத்திய இசையின் தொடக்கத் தாளம், டொரன்டோ விமான நிலையக் குறியீட்டை மோர்ஸ் தந்தி மொழியில் தட்டினால் வருவது. இதை வாசிக்கவே ஒரு மூளை வேண்டும், யோசிக்க இன்னொரு மூளை வேண்டும்.

இந்த பியர்ட் 1994-ல் ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச்சுக்கு அஞ்சலியாக ஓர் ஆல்பம் தயாரித்தார். அதில் வாசிக்க வந்த நண்பர் ஸ்டீவ் ஸ்மித்தின் வாசிப்பு முன்பைவிட மாறியிருந்தது. காரணம் கேட்டார். ஃப்ரெடி க்ரூபர் என்ற முதிய ஆசிரியரின் பெயர் கிடைத்தது. உலகப் புகழ் பெற்றிருந்த பியர்ட் தன் நாற்பதுகளில் அவரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். குச்சியைப் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். க்ரூபர் புதிய கணக்கு எதையும் சொல்லித்தரவில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கை காற்றில் எப்படிப் போகிறது என்பதைத்தான் சொல்லித்தந்தார்.

வாட்ஸின் கை ஹை-ஹாட்டிலிருந்து எழும்பும் இடமும் அதுதான். சிக்கலின் உச்சியில் நின்றவர் தேடிப் போனதும், எளிமையின் மூலையில் உட்கார்ந்திருந்தவர் இயல்பாக வைத்திருந்ததும் ஒரே பொருள். தட்டுகளுக்கு நடுவில் இருப்பது.

ஆனால் இதோடு தீர்ப்பு எழுதிவிட முடியாது. வாட்ஸின் எளிமை ஜாஸ் தெரிந்தவரின் எளிமை, நிறைய வைத்துக்கொண்டு கொஞ்சம் செலவழிக்கும் பணக்காரரின் சிக்கனம், அதை வைத்து எல்லா எளிய இசைக்கும் வக்காலத்து வாங்கக்கூடாது என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். அதற்கு நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு பதில் சொல்லும்.

1973-ல் இங்கிலாந்தின் யெஸ் குழு ஓர் இரட்டை இசைத்தட்டு வெளியிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக நான்கே பாடல்கள். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் படித்துப் பாடகர் ஜான் ஆண்டர்சன் போட்ட திட்டம் அது. முந்தைய வருடம்தான் அதே குழு நீண்ட இசையில் ஓர் அற்புதம் செய்திருந்தது. இம்முறை அவர்களுடைய கீபோர்ட் கலைஞர் ரிக் வேக்மனுக்கே சலித்துவிட்டது. மான்செஸ்டர் மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே தான் கறி சாப்பிட்ட கதையை அவர் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். 1974-ல் குழுவை விட்டும் போய்விட்டார்.

1976-ல் ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது. 14 பாடல்கள், மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. டிரம்மர் டாமி ரமோன் முதலில் குழுவின் நிர்வாகியாக இருந்தவர். டிரம் வாசித்துப் பழக்கமே இல்லை. தேர்வுக்கு வந்த டிரம்மர்கள் யாரும் நேராக வாசிக்கவில்லை, அலங்காரம் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதால் அவரே உட்கார வேண்டி வந்தது. தெரிந்தவர்களுக்கு விடத் தெரியவில்லை. தெரியாதவருக்கு வேண்டியது கைவந்தது. அந்த அரை மணி நேரத்திலிருந்து ஒரு தலைமுறைக் குழுக்கள் முளைத்தன.

அதே சமயம், எளிமையாக இருப்பதாலேயே எதுவும் நன்றாகிவிடுவதில்லை. மூன்று கார்ட் பாட்டுகளில் பெரும்பான்மை வந்த வேகத்தில் காணாமல் போனவை. அவற்றில் விடப்பட்டது எதுவும் இல்லை, ஏனென்றால் வைத்திருந்ததே அவ்வளவுதான். சிக்கலான இசை தரும் சிலவற்றை எளிய இசையால் தரவும் முடியாது. ஒரு கருப்பொருளை எடுத்து, திருப்பி, உடைத்து, இருபது நிமிடம் கழித்து வேறொன்றாக வீடு கொண்டுவந்து சேர்க்கும் சந்தோஷம் மூன்று நிமிடப் பாட்டில் கிடைக்காது. கோல்ட்ரேனுக்குப் பதிலாக ரோலிங் ஸ்டோன்ஸைக் கேட்டால் போதும் என்று வாட்ஸே சொல்லியிருக்க மாட்டார்.

அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில், ராக் சம்பாதித்துக் கொடுத்த வசதியில், முப்பது பேர் அளவுள்ள ஒரு ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவைத் திரட்டினார். லண்டன் ஃபுல்ஹாம் டவுன் ஹாலில் அவர்கள் வாசித்தது 1986-ல் ஆல்பமாக வந்தது. 1991-ல் ஐந்து பேர் குழு ஒன்றோடு சார்லி பார்க்கருக்கு அஞ்சலி செலுத்தினார். 2000-ல் டிரம்மர் ஜிம் கெல்ட்னருடன் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார். அதில் ஒவ்வொரு இசைக்கும் ஒரு மாபெரும் டிரம்மரின் பெயர்: மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, டோனி வில்லியம்ஸ், எல்வின் ஜோன்ஸ். கோயிலுக்குப் போகிறவர் அர்ச்சனைச் சீட்டில் பெயர் எழுதுவது மாதிரி.

ஒரே ஒரு பாட்டில் அவருடைய இரண்டு உலகங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 1981-ல் வெளிவந்த 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்'. அடித்தளம் பல வருடங்களுக்கு முன் ஜமைக்காவில் பதிவானது, அதில் வாட்ஸின் அடக்கமான தாளம். அதன்மேல் பின்னர் சாக்ஸபோன் சேர்த்தவர் சோனி ரோலின்ஸ், ஜாஸ் வரலாற்றின் தலையாய வாசிப்பாளர்களில் ஒருவர். எத்தனையோ கடினமான இசையை ஊதித் தள்ளியவர், இந்த எளிய பாட்டில் கணக்கு எதையும் காட்ட முயலவில்லை. பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார். அவருக்குக் கீழே டிரம்மும் அப்படியே. யார் பெரியவர் என்ற கேள்வி அந்த நான்கு நிமிடங்களுக்கு எழுவதில்லை.

வாட்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. 1967-லிருந்து, பயணங்களில் தான் தூங்கிய ஒவ்வொரு ஹோட்டல் படுக்கையையும் கோட்டுச் சித்திரமாக வரைந்து வைத்துவிடுவார். படுக்கைக்குப் படுக்கை பெரிய வித்தியாசம் என்ன இருந்துவிடப் போகிறது? ஆனால் வரையாமல் விட்டதில்லை. ஒரே மாதிரித் தெரியும் ஒன்றை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிற மனிதர், ஒரே தாளத்தை 58 வருடங்கள் வாசித்ததில் ஆச்சரியமில்லை.

தன் வேலையை அவர் ஜாஸ் மேதைகளின் வேலைக்குச் சமமாக வைத்ததில்லை. அந்தத் தீர்ப்பில் அவர் தவறாக இருந்திருக்கலாம். அந்தத் தவறுதான் அவரை நன்றாக வாசிக்க வைத்தது என்றும் சொல்லலாம். தான் செய்வது பெரிது என்று நினைக்காததால், அதைப் பெரிதாகக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. இரண்டு தட்டைக் கூட்டிக் கைதட்டல் வாங்கும் ஆசை அந்த ஆளிடம் எட்டிப் பார்க்கவில்லை. குறைத்த இடத்தில்தான் பாட்டு நடமாடியது.

அவர் இறந்து ஒரு மாதம் கழித்து, 2021 செப்டம்பர் 26-ம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் மீண்டும் மேடையேறியது. வாட்ஸின் இடத்தில் ஸ்டீவ் ஜோர்டன் உட்கார இருந்தார். ஆனால் நிகழ்ச்சி தொடங்கியபோது மேடை காலியாக இருந்தது. கிடார் இல்லை, பாட்டு இல்லை. திரைகளில் வாட்ஸின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அரங்கம் முழுக்கக் கேட்டது டிரம் தாளம் மட்டும்தான். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.